பீரங்கி வெளியும் மக்கள் வெளியும்

நகரங்களிலுள்ள பூங்காக்களையும் பொதுவெளிகளையும் மதிப்பிடுதற்கு இன்று அளவுகோல்கள் பல வந்துவிட்டன. புல் எவ்வளவு பசுமையாயுள்ளது, மரநிழல் எத்துணை, விளக்குகள் எத்தனை, வாங்குகள் எத்தனை, மலசலகூடம் உண்டா, சக்கர நாற்காலி செல்ல வழியுண்டா என்றெல்லாம் வினவிப் புள்ளியிடும் படிவங்கள் உலகெங்கும் வழக்கிலுள்ளன. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட ‘பச்சைக்கொடி’ விருது இத்தகைய மதிப்பீட்டின் அடிப்படையிலேயே வழங்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் பதினோராவதன் ஒரு பிரிவு, 2030-ஆம் ஆண்டளவில் எல்லோருக்கும், சிறப்பாகப் பெண்களுக்கும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், பாதுகாப்பான பசுமையான பொதுவெளிகள் கிட்டச் செய்தல் வேண்டும் என்று விதிக்கின்றது.

இவை வேண்டாதவை என்பார் யாருமிலர். ஆயினும் இவை மட்டும் போதுமா என்னும் ஐயத்தை என்னுள் எழுப்பியவன் ஒரு மாணவன். எமது உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இத்தகைய படிவமொன்றை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து முற்றவெளிக்குச் சென்று புள்ளியிட்டு வந்தனர். நிழல் குறைவு, வாங்கு போதாது, தூய்மை நடுத்தரம். படிவத்தை என்னிடம் தந்தபோது அவர்களுள் ஒருவன், “சேர், இந்த இடம் ஏன் வெளியாக் கிடக்குது எண்டு எழுத இதிலை இடமில்லையே” என்றான். அவன் குறும்பாகவே சொன்னான். எனினும் அக்குறும்பில் ஒரு வரலாற்று வினா அடங்கியிருந்தது. ஒரு வெளி ஏன் வெளியாயிற்று, எவரால், எவரை நோக்கி என்பன தெரியாமல் அதன் தரத்தை எவ்வாறு நிர்ணயிப்பது? இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியாகும். இதற்கென நம் நாட்டின் இரண்டு வெளிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கொழும்பின் காலிமுகத்திடல். மற்றையது யாழ்ப்பாணத்து முற்றவெளி. இவ்விரண்டும் பிறப்பால் ஒன்று என்பதே இவற்றை ஒருசேர நோக்குதற்குக் காரணம்.

கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1656-ஆம் ஆண்டு கைப்பற்றினர். யாழ்ப்பாணக் கோட்டையை 1658-ஆம் ஆண்டு கைப்பற்றினர். பீரங்கி யுத்தத்தின் காலம் அது. கோட்டை மதிலின் முன்னே மரமோ வீடோ வேலியோ இருத்தலாகாது. இருந்தால் பகைவர் அவற்றின் மறைவிலே நெருங்கிவிடுவர். ஆதலாற் கொத்தளத்திலிருந்து புறப்படும் குண்டு தடையின்றிச் செல்லுமாறு முன்னிலத்தை வெறுமையாக்கி வைத்தல் அக்கால ஐரோப்பியக் கோட்டைக் கலையின் விதியாயிருந்தது. காலிமுகத்திடல் இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலமாகும். ஐங்கோண வடிவிலமைந்த யாழ்ப்பாணக் கோட்டையின் முன்னர்க் கிடக்கும் முற்றவெளியும் அதே விதியின் பயனாகும்.

முற்றவெளி என்னும் பெயர் சிந்தித்தற்குரியது. யாழ்ப்பாணத்து வீட்டிலே முற்றம் என்பது யாது? ஒடியல் காயும் இடம். பிள்ளைகள் விளையாடும் இடம். கலியாணப் பந்தல் எழும் இடம். மாலையில் அயலவர் வந்து குந்தியிருந்து கதைக்கும் இடம். வீட்டுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள உறவின் வடிவம் அது. கோட்டையின் முற்றமோ இதற்கு நேர்மாறானது. வருவோரை வரவேற்பதற்கன்றி, வருவோரைக் கண்டு சுடுவதற்காக அமைந்தது அது. அதனை வெறுமையாக்கியவர்கள் ஊரவரைப் பீரங்கியின் கண்கொண்டு நோக்கினர். அக்கண்ணுக்கு மனிதர் மனிதராகத் தோன்றார். தூரமும் திசையுமாகவே தோன்றுவர்.

யாழ்ப்பாணக் கோட்டை 1795-ஆம் ஆண்டு போரெதுவுமின்றி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழும்பு 1796-ஆம் ஆண்டு வீழ்ந்தது. ஒல்லாந்தரின் பீரங்கிகள் மௌனமாயின. எனவே அவற்றின்பொருட்டு வெறுமையாக விடப்பட்ட நிலங்கள் இனி யாருக்கு உரியவை என்னும் வினா எழுந்தது. காலிமுகத்திடலைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் தந்த முதல் விடை, தமக்கே என்பதாகும். அத்திடலிலே குதிரைப் பந்தயம் நடைபெற்றது. 1893-ஆம் ஆண்டிலேயே பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1879-ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு கோல்ஃப் கழகத்தினரும் முதலிற் பந்தடித்தது இத்திடலிலேதான். திடலின் தென்கோடியில் 1864-ஆம் ஆண்டு எழுந்த ஹோட்டல், கப்பலில் வந்திறங்கிய கனவான்களுக்குக் கடற்காற்றை விலைக்கு விற்றது.

இதற்கிடையே, கடலோரமாக நடைபாதை ஒன்று அமைந்தது. 1856-ஆம் ஆண்டு தொடங்கி 1859-ஆம் ஆண்டு முடிந்த அவ்வேலையைச் செய்வித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். அங்கு நாட்டப்பெற்ற கல்லிலே, கொழும்பிலுள்ள சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நன்மைக்காக இதனைப் பேணிவருமாறு தமக்குப்பின் வரும் தேசாதிபதிகளை அவர் கேட்டுக்கொண்டுள்ளார். நகரத்து மக்கள் உலாவுதற்கு அரசு இடமமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தே இங்கிலாந்திற் பரவியிருந்தது. கைத்தொழில் நகரங்களின் நெரிசலும் நோயும் ஆளும் வர்க்கத்தையே அச்சுறுத்தியமையால், பொது நடைவெளிகளைப் பற்றி ஆராய்தற்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1833-ஆம் ஆண்டு ஒரு தெரிவுக்குழுவை நியமித்தது. தொழிலாளிக்குத் தூய காற்றைக் கொடுத்தால் அவன் மதுக்கடையையும் கலகத்தையும் மறப்பான் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. வார்ட் இந்தச் சூழலில் உருவானவர். ஷெஃபீல்ட் நகரின் பாராளுமன்ற உறுப்பினராகத் தீவிர சீர்திருத்தவாதம் பேசியவர் அவர். ஐயோனியன் தீவுகளின் ஆணையாளராகியதும் 1849-ஆம் ஆண்டு கெஃபலோனியாத் தீவின் கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தாலும் தூக்குமரத்தாலும் அடக்கியவரும் அவரே. நடைபாதையும் தூக்குமரமும் ஒரே ஆட்சியின் இரு கைகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கல்லிற் குறித்த சீமாட்டிகளும் குழந்தைகளும் யாவர்? அக்குழந்தைகளைச் சுமந்து சென்ற ஆயாமார் இவ்விரு சொற்களுள் எதனுள் அடங்குவர்? கொம்பனித்தெருவின் ஒடுங்கிய வீடுகளிலிருந்த குழந்தைகள் அக்கணக்கிற் சேர்ந்தவரா? வேறொரு நடையையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். வார்ட்டின் நடைபாதை அமைந்த அதே ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளூடே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் அவ்வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். அவர்களின் பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்குமென எந்தத் தேசாதிபதியும் கல் நாட்டவில்லை. 1860-ஆம் ஆண்டு சென்னையின் ஆளுநராகச் சென்ற வார்ட், சில வாரங்களுள் அங்கே அதே கொள்ளைநோய்க்கு இரையானார்.

1859-ஆம் ஆண்டின் கல்லையும் 2015-ஆம் ஆண்டின் உலகப் பிரகடனத்தையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். பெண்கள், குழந்தைகள் என்னும் சொற்கள் இரண்டிலும் உள. எனவே நல்ல சொற்கள் ஒரு வெளியை நல்ல வெளியாக்கிவிடுவதில்லை. அச்சொற்களுள் எவர் அடங்குவர், எவர் விடுபடுவர் என்பதை நிர்ணயிப்பது போராட்டமேயாகும்.

இதற்கு ஆங்கிலேயரின் சொந்த நாடே சாட்சி. லண்டன் ஹைட் பூங்கா ஒருகாலத்தில் மன்னரின் வேட்டைக்காடாயிருந்தது. பின்னர்ப் பிரபுக்கள் வண்டியிற் பவனிவரும் இடமாயிற்று. 1855-ஆம் ஆண்டு ஞாயிறு வணிகத்தைத் தடுக்கும் மசோதா வந்தபோது, வாரத்தில் ஆறு நாளும் உழைத்துச் சனி இரவிலே கூலி பெறும் தொழிலாளர் தாம் எப்போது பண்டம் வாங்குவது எனச் சினந்து அப்பூங்காவிலே திரண்டனர். பிரபுக்களின் வண்டிகள் அவர்களின் கூச்சலுக்கிடையே ஊர்ந்தன. அக்கூட்டத்தில் நின்று கண்டதைக் கார்ல் மார்க்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். மசோதா மீளப்பெறப்பட்டது. 1866-ஆம் ஆண்டு யூலை 23-ஆந் திகதி, வாக்குரிமை கோரிய சீர்திருத்தச் சங்கத்தின் ஊர்வலத்துக்குப் பூங்காவின் வாயில்கள் அடைக்கப்பட்டன. மக்கள் நெருக்கிய நெருக்கிலே இரும்புக் கிராதிகள் சரிந்தன. மறு ஆண்டு மே மாதம் தடையை மீறி மீண்டும் கூடினர். அரசு கைகட்டி நின்றது. உள்நாட்டமைச்சர் பதவி துறந்தார். 1872-ஆம் ஆண்டுப் பூங்காச் சட்டம் இவ்வுரிமையைச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்தது. இன்று உல்லாசப் பயணிகள் சென்று பார்க்கும் ‘பேச்சாளர் மூலை’ இவ்வாறு பிறந்ததேயன்றி எவரும் ஈந்த தானமன்று. எனினும் பெரும் பூங்காவில் ஒரு மூலையே பேச்சுக்குரியதாயிற்று என்பதையும் கவனித்தல் வேண்டும். உரிமையை வழங்கும்போதே அதற்கு வேலியிடுதல் ஆட்சியாளரின் பழைய தந்திரம்.

இனி நம் திடலுக்கு மீள்வோம். காலிமுகத்திடலின் வட எல்லையிலே 1930-ஆம் ஆண்டு சட்டசபைக் கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. பின்னர் அதுவே பாராளுமன்றமாயிற்று. கோட்டை இருந்த திசையிலே மக்கள் மன்றம் எழுந்தமை ஒருவகையில் வரலாற்று மாற்றம் எனலாம். பீரங்கிக்கு முன்னால் ஒதுங்கிய மக்கள், தம் பிரதிநிதிகளுக்கு முன்னால் வந்து பேசுதற்கு அங்கே இடம் வாய்த்தது. அவ்வாய்ப்பின் உண்மையான தரம் 1956-ஆம் ஆண்டு யூன் 5-ஆந் திகதி சோதிக்கப்பட்டது.

அன்று சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா சபையிற் சமர்ப்பிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர், செல்வநாயகம் தலைமையிலே, சில நூறு பேராகத் திடலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். குண்டர் கூட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். கல்லெறியிற் காயமுற்ற அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் சபைக்குட் சென்றார். அத்தீ கொழும்பின் தெருக்களுக்கும் கல்லோயாவுக்கும் பரவியது.

புல், காற்று, கடல், நடைபாதை ஆகிய யாவும் அன்றும் இருந்தன. நமது படிவத்தின்படி அன்றைய திடலுக்கு உயர்ந்த புள்ளிகளே கிடைத்திருக்கும். கூட்டமும் நிறைய இருந்தது. எனவே ‘மக்கள் கூடுகின்றார்களா?’ என்ற வினாவுங்கூடப் போதாது. அடிக்க வந்தோரும் மக்களே, அவர்களும் கூடினர். திடல் நடுவுநிலையானது, நீதியையும் அநீதியையும் ஒரே புல்லின்மீது அது தாங்கும். ஆகவே ஒரு பொதுவெளியின் தரத்தை அங்கே திரளும் பெருந்தொகையினரைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. அன்றைய பெரும்பான்மைக்கும் அரசுக்கும் உவப்பில்லாத ஒரு சிறு தொகையினர் அங்கே சென்றமர்ந்து, தம் கருத்தைச் சொல்லி, காயமின்றி வீடு திரும்ப முடியுமா என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். ஏனைய அளவைகள் யாவும் இதற்குப் பின்னரே வரத்தக்கன.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாமும் நம்மை வினவிக்கொள்ளல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு இலங்கையின் இரு பெரும் இடதுசாரிக் கட்சிகளும் அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தன. அது அவ்வியக்கத்தின் பெருமைக்குரிய நாள். ஆனால் 1966-ஆம் ஆண்டு யனவரி 8-ஆந் திகதி, தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்புத் தெருவில் இறங்கியோரிடையே அதே கட்சியினர் நின்றனர். அன்று பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் ஒரு பிக்கு உயிரிழந்தார். தெருவும் திடலும் மக்களுடையவை என்ற கொள்கையை, எம்மக்கள் என்ற வினாவின்றிச் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தப் பத்து ஆண்டுகளும் பாடமாக உள்ளன.

அதே 1966-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து முற்றவெளியும் தன் சோதனையைச் சந்தித்தது. அங்கே வேலியிட்டவன் அந்நியனல்லன், நம்மவனே. யாழ்ப்பாணச் சமூகத்திற் பொதுவெளி எனப்பட்டவை கிணற்றடி, கோயில் வீதி, தேநீர்க்கடை, மடம், பாடசாலை ஆகியவையாம். இவற்றுள் எதுவும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குப் பொதுவாக இருந்ததில்லை. கைக்கெட்டிய தூரத்திற் கிணறு இருக்க, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்றனர் பெண்கள். தேநீர்க்கடையிலே கிளாஸ் வேறு, இருக்கை வேறு. மதிப்பீட்டுப் படிவத்திலே ‘வாங்குகள் எத்தனை?’ என்று கேட்கின்றோமல்லவா? யாழ்ப்பாணத்து வாங்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1930-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தன் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருப்பதைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். வாங்குகளை எண்ணினாற் போதாது. அவற்றில் எவர் எவரோடு இருந்தனர் என்பதையும் எண்ணவேண்டும்.

பொதுவிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கதவு மூடியே இருந்தது. 1966-ஆம் ஆண்டு ஒக்டோபர் 21-ஆந் திகதி, தீண்டாமைக்கு எதிரான ஊர்வலமொன்று கம்யூனிஸ்டுகளின் தலைமையிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிசார் தடுத்தனர், குண்டாந்தடியால் அடித்தனர். அடிபட்டும் கலையாத ஊர்வலம் யாழ்ப்பாணத்தை அடைந்து முற்றவெளியிலே பொதுக்கூட்டம் நடத்தியது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று, எழுத்தாளர் கே. டானியல் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. அதற்காகச் சிந்திய இரத்தமும் கொஞ்சமன்று. ஒல்லாந்தன் வருவோரைச் சுடுதற்கென வெறுமையாக்கிய நிலத்திலே, ஊருக்குட் கிணற்றையும் வாசலையும் இழந்தவர்கள் வந்து நின்று பேசினார்கள். முற்றவெளி அன்றே முற்றமாயிற்று எனல் பொருந்தும்.

ஆனால் அந்நிலையும் நிலைக்கவில்லை. 1974-ஆம் ஆண்டு யனவரி 10-ஆந் திகதி, நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுநாட் பொதுக்கூட்டத்துக்குத் திரண்ட மக்கள், வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலையும் கடந்து முற்றவெளிவரை நிறைந்திருந்தனர். பொலிசார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டு, தடியடியும் கண்ணீர்ப்புகையும் பிரயோகித்தனர். அந்த அமளியில் மின்கம்பி அறுந்து வீழ, ஒன்பது உயிர்கள் பலியாயின. மொழியாராய்ச்சியைக் கேட்க வந்த கூட்டத்தையும் பீரங்கியின் கண்ணாலேயே நோக்கினர் அன்றைய அதிகாரிகள். பின்னர் வந்த யுத்தத்திலே கோட்டையும் அதன் வெளியும் மெய்யாகவே போர்க்களமாயின. 1990-ஆம் ஆண்டு முற்றுகையில் ஒல்லாந்தரின் கட்டடங்கள் பெரும்பாலும் இடிந்தன. மக்கள் அங்கே மீண்டும் உலாவுதற்கு நீண்ட காலம் சென்றது.

2022-ஆம் ஆண்டு வரலாறு மறுபடி காலிமுகத்திடலுக்குத் திரும்பியது. பாராளுமன்றம் 1982-ஆம் ஆண்டு கோட்டேக்கு மாறியபின், பழைய கட்டடம் சனாதிபதி செயலகமாயிற்று. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு அக்கட்டடத்துக்கு எதிரே ஒரு துண்டு நிலத்தை ஆர்ப்பாட்டக்காரர்க்கென ஒதுக்கிக் கொடுத்தது. ஹைட் பூங்காவின் மூலை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது எனலாம். எரிபொருளும் பால்மாவும் மருந்தும் இன்றி மக்கள் வரிசையில் நின்று களைத்த 2022 ஏப்ரில் 9-ஆந் திகதி, அம்மூலை கரையுடைத்தது. திடலின் ஒரு பகுதியே ஊராயிற்று. ‘கோட்டா கோ கம’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். நூலகமும் மருத்துவக் கூடாரமும் சமையற் கொட்டிலும் எழுந்தன. மே 9-ஆந் திகதி ஆளுங்கட்சி ஆதரவாளர் வந்து கூடாரங்களை எரித்தனர். மக்கள் அவற்றை மீளக் கட்டினர். பிரதமர் அன்றே பதவி விலகினார். யூலை 14-ஆந் திகதி, நாட்டைவிட்டு ஓடிய சனாதிபதியும் பதவி துறந்தார்.

இத்திடலின் தரத்தை நமது அளவுகோலால் அளப்பதற்குரிய நாள் மே 18 ஆகும். அன்று முள்ளிவாய்க்காலில் மாண்டோர் காலிமுகத்திடலிலே நினைவுகூரப்பட்டனர்; கஞ்சி பகிரப்பட்டது; சிங்கள இளைஞரும் மதகுருமாரும் அதிற் பங்குகொண்டனர். 1956-ஆம் ஆண்டு தமிழர் அமர்ந்து அடிபட்ட அதே புல்லின்மீது, அதே கட்டடத்தின் முன்னிலையில், தமிழரின் துயரம் உரத்துச் சொல்லப்பட்டது. எவரும் அடிக்க வரவில்லை. அறுபத்தாறு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் சிறியதன்று. அதனை மிகைப்படுத்தவும் கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் பலர் அப்போராட்டத்தினின்றும் ஒதுங்கியே நின்றனர். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரக் கொட்டில்களிலே ஆண்டுக்கணக்காக இருந்தபோது வராத கூட்டம், எரிபொருள் தீர்ந்தபோது வந்ததே என்ற கசப்பு அவர்களிடம் இருந்தது. அக்கசப்பும் ஒரு மதிப்பீடே.

யூலை 22-ஆந் திகதி விடியுமுன் படையினர் திடலிற் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தனர். அன்று பிற்பகல் செயலகத்தைக் கையளிப்பதாகப் போராட்டக்காரர் முன்னரே அறிவித்திருந்தனர். செப்டெம்பர் 23-ஆந் திகதி, செயலகச் சூழல் உட்படக் கொழும்பின் பல பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயங்களாக வர்த்தமானியிற் பிரகடனம் செய்யப்பட்டன. எதிர்ப்பு வலுக்கவே ஒரு வாரத்தில் அப்பிரகடனம் கைவிடப்பட்டது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லை வலிகாமத்து மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கொழும்பின் மக்கள் அன்றுதான் அதனைத் தம் வாசலிற் கண்டனர். மக்களை அகற்றி நிலத்தை வெறுமையாக்கி, வருவோரைத் தூரத்தே கண்டு தடுத்தல் என்ற ஒல்லாந்தரின் விதியே புதுப்பெயருடன் வந்தது.

பீரங்கி மட்டும் வெளியை மூடுவதில்லை, பணமும் மூடும். காலிமுகத்திடலின் கிழக்கே வானளாவிய ஹோட்டல்கள் எழுந்துள்ளன. வடக்கே, 2014-ஆம் ஆண்டு தொடங்கிய வேலையின் பயனாக 269 ஹெக்டேயர் கடல் நிலமாக்கப்பட்டுத் துறைமுக நகரம் உருவாகியுள்ளது. இவற்றினிடையே ஏறத்தாழ 5 ஹெக்டேயர் புல்வெளியே எஞ்சியுள்ளது. மாலைவேளையில் ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளுடன் வந்து, பட்டமேற்றி, ஓர் இறால் வடையை மூவராகப் பங்கிட்டுத் தின்று, வேறு செலவின்றிக் கடலைப் பார்த்திருக்க அங்கே அதுதான் உண்டு. முற்றவெளியிலும் 2024 பெப்ரவரியில் ஓர் இசைநிகழ்ச்சி நடந்தபோது, கட்டணத்துக்கு ஏற்ப ஆசனங்கள் முன்னே போடப்பட்டன. இலவசமாக வந்தோர் தடுப்புக்குப் பின்னே நிறுத்தப்பட்டனர். தடுப்பு நொறுங்கியது, பெரும் அமளி உண்டாயிற்று. அந்நெரிசலை எவரும் போற்றமாட்டார். ஆயினும் பொதுநிலத்திலே பணத்தால் வேலியிட்டால் அவ்வேலியின் பின்னே என்ன திரளும் என்பதை அவ்விரவு காட்டிற்று.

இவ்வளவும் கூறியதால், புல்லும் விளக்கும் பொருளற்றவை என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. விளக்கில்லாத வெளி ஆண்களின் வெளியே. மலசலகூடமில்லாத பூங்காவில் ஒரு பெண் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருக்க முடியாது. மாலை ஆறு மணிக்குப்பின் நம் முற்றவெளியில் எத்தனை பெண்கள் தனித்து நடக்கின்றனர் என்று எண்ணிப்பார்த்தால், பிறர்மீது சாட்டிய குற்றத்திற் பாதி நம்மீது திரும்பும். படிகளையே வழியாகக் கொண்ட பூங்கா, சக்கர நாற்காலியில் வருவோரை வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றது. போரினால் அவயவம் இழந்தோர் வாழும் நாட்டில் இது சிறு குறையன்று. ஆதலால் அளவுகோலை எறிந்துவிடல் வேண்டா, அதனை நீட்டுவோம்.

மாணவர் கொண்டுவந்த படிவத்தின் அடியிலே நாங்கள் நான்கு வினாக்களைச் சேர்த்தோம். இவ்வெளியை வெறுமையாக்கியவர் யார், எதன்பொருட்டு? எவரையும் கேளாமல் எவரெவர் இதனுள் வரலாம்? ஒரு சதமும் செலவழியாமல் எவரோடும் எவரும் சமமாக இருக்கலாமா? அரசுக்கும் அயலவர்க்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டுப் பத்திரமாக வீடு போகலாமா? இவற்றுக்குப் புள்ளியிடுதல் எளிதன்று. பழைய பத்திரிகைகளைப் புரட்ட வேண்டும், முதியோரிடம் கேட்க வேண்டும், கேட்ட விடை தமக்கு உவப்பற்றதாயினும் எழுத வேண்டும்.

சென்ற வாரம் அம்மாணவன் தன் பாட்டனாரிடம் கேட்டு எழுதி வந்திருந்தான். 1966-ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஊர்வலம் ஊரைக் கடந்தபோது அவர் இளைஞர்; வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களுள் அவரும் ஒருவர். “அண்டைக்குப் படலையைத் திறந்திருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறார்” என்று எழுதியிருந்தான். அதற்கு எத்தனை புள்ளி இடுவதென்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தோடு சேர்த்து வைத்திருக்கின்றேன்.